விடுப்பு மட்டும் ரத்தாகவில்லை

டிக்கெட் பணம் அக்காவின் ஆபரேஷனுக்குப் போயிற்று.
விசா ஒட்டிய பாஸ்போர்ட்
பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில்.
ஆறு நாள் விடுப்பு மட்டும் ரத்தாகவில்லை.
சிஸ்டத்தில் ஏறிவிட்டது, எடுத்தே ஆகவேண்டும் என்றாள்
ஹெச்.ஆரில் இருக்கும் தில்ஷாத்.

வியாழக்கிழமை காலை
ஒகுமுரா சான் பென்சிலில் வரைந்து தந்த
நாரா நகரத்து வரைபடத்தோடு
கிண்டியில் இறங்கினேன்.

ஒரகடம் ஃபாக்டரியில் மூன்று வருடம்
அவர் கோபத்தைப் பாதியாக்கித் தமிழில் சொன்னேன்.
போல்ட் முடுக்கும் பையன்களின் கேலியை
மரியாதை விகுதி சேர்த்து ஜப்பானிய மொழியில் சொன்னேன்.
இரண்டு பக்கமும் என்னை நம்பியது.
ஊருக்குத் திரும்பும்முன் இந்தக் காகிதத்தை
இரண்டு கைகளாலும் நீட்டினார்.
ஒரு நாள் போதும். தனியாகப் போ.

9.40, ஸ்டேஷன். கிழக்கே நட.
நடந்தேன்.
ராஜ்பவன் மதில் முடிவேனா என்றது.
ஆலமர நிழல், பஸ் புகை, மறுபடி நிழல்.

எத்தனை பேர்?
ஒருத்தர்.
குழந்தை?
இல்லை.
சிறுவர் பூங்காவின் டிக்கெட்காரர்
என் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

மானுக்கு முன் குனி, அதுவும் குனியும்,
பிறகு பிஸ்கட் கொடு
என்று எழுதியிருக்கிறது காகிதத்தில்.
உணவளிக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது கம்பிவலையில்.
வெறுங்கையோடு குனிந்தேன்,
இடுப்பிலிருந்து, முப்பது டிகிரி,
பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தபடி.
புள்ளிமான் ஈ விரட்டக் காதசைத்தது.
'அம்மா, இந்த ஆன்ட்டி மானுக்கு வணக்கம் வைக்கிறாங்க.'
ஒரு சின்னப் பையன்தான்.
அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள்.
நான் நிமிரக் கொஞ்சம் நேரமாயிற்று.

அடுத்தது, பெரிய புத்தர்.
ஷேர் ஆட்டோ திருவான்மியூர் வரைதான் போகும்.
நடை சாத்தப் பத்து நிமிடம் இருக்கையில்
மருந்தீசர் முன்னால் மூச்சிரைக்க நின்றேன்.
மான்கள் அங்கே தெய்வத்தின் தூதர்களாம்.
இங்கே சுதைச் சிவனின் விரல்நுனியில்
தாவிய கால் தரைக்கு வராமல்
திரும்பிப் பார்த்தபடி ஒரு மான்.
எந்தச் சேதியும் கொண்டுபோகிற அவசரம் அதற்கில்லை.

அர்ச்சனை யார் பேருக்கு?
அக்கா பேரைச் சொல்லியிருக்கலாம்.
சுவாமி பேருக்கே பண்ணிடுங்க என்றேன்.
திருநீற்றை மடிக்கக் காகிதம் தேடி
வரைபடத்தின் மூலையில் கொட்டிக்கொண்டேன்.
லாந்தர் விளக்குகளின் கோயில் வெள்ளையாயிற்று.

வெளியே பசுவோடு தேசம்மா.
அகத்திக்கீரை கட்டு இருபது ரூபாய்.
இரண்டு வாங்கினேன்.
குனியச் சொல்லி யாரும் எழுதவில்லை,
பசுவே குனிந்தது,
கீரையை விட்டுவிட்டு
மற்றக் கையிலிருந்த நாராவைக் கவ்வியது.

அய்யோ, பேப்பர் தின்னா வயித்தக் கெடுக்குமே!
தாடைக்குள் விரல் விட்டு இழுத்தாள் தேசம்மா.
எச்சில் ஒழுக மீண்டு வந்தது பாதி.
பூங்கா போய்விட்டது. திருநீறு போய்விட்டது.
மிஞ்சியதன் அடியில் இதுவரை நான் படிக்காத ஒரு வரி,
பொடி எழுத்தில்:
மான் வரைபடத்தைத் தின்னும், கவனம்.

சிரித்தேன். சத்தமாக, நடுத்தெருவில்,
யாரிடமும் காரணம் சொல்லாமல்,
எதையும் யாருக்கும் மாற்றிச் சொல்லாமல்.
தேசம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
மீதிக் கட்டையும் அவளே ஊட்டினாள்.

பறக்கும் ரயில் பிளாட்பாரத்தில் கடல்காற்று.
ஈரக் காகிதத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.
அங்கே மாலை ஐந்து மணி. உடனே பதில்:
முதலில் அது குனிந்ததா?

குனிந்தது என்று அடித்தேன்.
அகத்திக்கீரைக்கு அவர் மொழியில் என்ன சொல்வது
என்று தேடிக்கொண்டிருக்கையில்
வேளச்சேரி வண்டி வந்து, நின்று, போயிற்று.

இன்னும் நான்கு நாள் விடுப்பு.